கரடுமுரடான தெருவுக்கு எந்தச் சக்கரம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தெருவில் தார் தேய்ந்து ஜல்லி வெளியே தெரிகிறது. என் ஸ்கேட்போர்டில் உள்ள சக்கரங்கள் 52 மி.மீ. விட்டமும் 101ஏ கடினமும் (எண் கூடக் கூடச் சக்கரம் கடினமாகும்) கொண்டவை. கல்லூரி வளாகத்தின் சிமெண்ட் தளத்தில் நன்றாக ஓடும் பலகை, தெருவில் இறங்கியதும் நான்கு உந்தலுக்குள் நின்றுவிடுகிறது, பாதமும் மரத்துப்போகிறது. பெரிய சக்கரம் வாங்கச் சொல்கிறார் ஒரு நண்பர். மென்மையான சக்கரம் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். பலகையோடு எம்பிக் குதிக்கும் ஓலியும், பலகையைக் காற்றில் சுழற்றும் கிக்ஃப்ளிப்பும் பழகுவதை நான் விட விரும்பவில்லை. எதை வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு, ஆனால் மென்மையைச் சொன்ன நண்பரின் பேச்சுக்கே நான் அதிக எடை கொடுப்பேன். கடினமான சக்கரம் ஜல்லியின் முனையில் மோதும்போது அது சற்றும் அமுங்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் பலகையும் அதன்மேல் நிற்கும் உங்கள் உடலும் சேர்ந்து மேலே தூக்கப்படுகின்றன. முன்னோக்கிச் செல்ல வேண்டிய வேகம் அதிர்வாக மாறி உங்கள் பாதத்தில் போய் முடிகிறது. மென்மையான சக்கரமோ அந்த முனையைத் தன் மேற்பரப்புக்குள் வாங்கிக்கொள்வதால், பலகை ஏறத்தாழ மட்டமாகவே செல்கிறது.

இதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். சாலையிலிருந்து 3 மி.மீ. துருத்தி நிற்கும் கல்லை 52 மி.மீ. சக்கரம், செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 28 பாகைக் கோணத்தில் சந்திக்கிறது. இந்தக் கோணம் எவ்வளவு பெரிதோ, கல் உங்களைப் பின்னுக்குத் தள்ளுவதும் அவ்வளவு அதிகம். சக்கரத்தை 60 மி.மீ. ஆக்கினாலும் கோணம் 26 பாகைக்குத்தான் இறங்குகிறது. ஆனால் அதே 52 மி.மீ. சக்கரம் கொஞ்சம் மென்மையாக இருந்து, கல்லின் உயரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டரை விழுங்கிக்கொண்டால்கூடக் கோணம் 23 பாகைக்கு அருகில் வந்துவிடுகிறது. தோராயக் கணக்குதான் என்றாலும், அளவை மட்டும் கூட்டிப் பணத்தைச் செலவழிப்பவர்கள் ஏன் ஏமாற்றமடைகிறார்கள் என்பதை இது விளக்கும்.

அப்படியானால் 78ஏ சக்கரத்தையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வளவு மென்மையான சக்கரம் கடைக்குப் போய்வரவும் நெடுந்தூரம் உருட்டவும் மிக இதமானது. ஆனால் தரையை இறுகப் பற்றிக்கொள்வதால் பவர்ஸ்லைடு (பலகையைக் குறுக்கே திருப்பி வழுக்கி வேகத்தைக் குறைப்பது) செய்யும்போது வழுக்காமல் சட்டென்று நின்று ஆளைத் தூக்கி எறியக்கூடும். ஓலியிலிருந்து இறங்கும்போது துள்ளும். பலகை சுழன்று கோணலாகத் தரைக்கு வந்தால் அதை வழுக்கி நேராக்கிக்கொள்ளவும் இடம் தராது. நீங்கள் பழகும் வித்தைகளுக்கு ஓரளவு வழுக்கல் கட்டாயம் வேண்டும்.

எனவே உங்களுக்கு ஏற்றது 92ஏ முதல் 97ஏ வரையிலான நடுத்தரம் என்பதே என் முடிவு. முன்பு இந்த இடைநிலைச் சக்கரங்கள் மென்மையின் இதமும் இல்லாமல், கடினத்தின் வழுக்கலும் இல்லாமல் இருந்தன என்ற குறை நியாயமானதே. இப்போது பவல் பெரால்டாவின் டிராகன் ஃபார்முலா 93ஏ, போன்ஸ் நிறுவனத்தின் எக்ஸ் ஃபார்முலா 97ஏ போன்றவை கரடான தரையில் உருளவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும் என்ற நோக்கத்துடனேயே உருவாக்கப்படுகின்றன. தெருவில்தான் அதிக நேரம் என்றால் முதலாவதற்கு நெருங்கிய கடினத்தையும், வளாகத்துச் சிமெண்ட் தளத்தில்தான் அதிக நேரம் என்றால் இரண்டாவதற்கு நெருங்கிய கடினத்தையும் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் எந்தத் தரையில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்று குறித்துப் பார்த்துவிட்டு வாங்கினால் வருத்தப்பட நேராது.

விட்டம் 54 அல்லது 55 மி.மீ. போதும். 56-க்கு மேல் போனால், திரும்பும்போது சக்கரம் பலகையின் அடியில் உரசிச் சட்டென்று பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இதை வீல்பைட் என்பார்கள். அவ்வளவு பெரிய சக்கரம்தான் வேண்டுமென்றால், ட்ரக்குக்கும் (சக்கர அச்சைத் தாங்கும் உலோகப் பாகம்) பலகைக்கும் இடையே 3 மி.மீ. அளவுள்ள ரைசர் தகட்டை வைத்து, போல்ட்டையும் அதற்கேற்ப நீளமானதாக மாற்றுங்கள். தரையைத் தொடும் பட்டை அகலமான வடிவத்தை எடுத்தால், எடை பல கற்களின்மேல் பரவும்.

கேள்வி: என் மகளுக்கு வாங்கிய விலை குறைந்த பலகையின் சக்கரத்தில் எந்த எண்ணும் இல்லை. அது தெருவுக்கு ஏற்றதா என்று எப்படி அறிவது?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: சக்கரத்தைக் கழற்றி இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டுப் பாருங்கள். நல்ல யூரித்தேன் (ரப்பர்போல் மீளும் செயற்கைப் பொருள்) என்றால் உற்சாகமாகத் துள்ளி எழும். மலிவான பிளாஸ்டிக் 'டக்' என்ற ஒலியோடு சோர்ந்து படுத்துவிடும். பிளாஸ்டிக் என்று தெரிந்தால், தயவுசெய்து அதை வீட்டுக்குள்ளோ வழுவழுப்பான தளத்திலோ மட்டும் ஓட்டவிடுங்கள். 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் பலகைகளுக்குக் களிமண் கலவைச் சக்கரங்களே இருந்தன. அவை சிறு கல்லில் மாட்டி நின்றுவிட, ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். ரோலர் ஸ்கேட்டுக்காகச் செய்யப்பட்டிருந்த யூரித்தேன் சக்கரங்களை ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் பலகையில் பொருத்திப் பார்த்து, பிறகு கேடிலாக் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பின்னரே அந்த நிலை மாறியது. குழந்தையின் பலகையில் முதலில் மாற்ற வேண்டியது சக்கரமே. மற்ற பாகங்கள் காத்திருக்கலாம். அவளுக்கு இப்போதைக்கு வித்தைகள் வேண்டாம், ஓட்டிப் பழகினால் போதும் என்றால், 78ஏ முதல் 85ஏ வரையிலான மென்மையான சக்கரமே நல்லது.

கேள்வி: சக்கரத்துக்குப் பதிலாக ஏபெக் 9 பேரிங் போட்டால் கரடான சாலையில் வேகம் கூடுமா?
– வாசகர், ஆவடி

பதில்: கூடாது. ஏபெக் எண் பேரிங்கின் அளவுகள் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டுள்ளன என்பதை மட்டுமே சொல்கிறது. ஜல்லியின் அதிர்வை அது குறைப்பதில்லை. ஸ்கேட்போர்டு சக்கரங்கள் பொதுவாக 608 வகைப் பேரிங்கையே ஏற்பதால், இப்போதுள்ள பேரிங்கைப் புதிய சக்கரத்துக்கு அப்படியே மாற்றிக்கொள்ளலாம். புழுதிச் சாலையில் ஓட்டுபவர் அதைக் கழற்றித் துடைத்து, நன்கு உலர்த்தி, ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு மாட்டினாலே போதும்.