ஷாக் அடித்தும் எம்.சி.பி. ஏன் விழவில்லை? வீட்டிலும் வேலையிலும் ரோட்டிலும் மின்சாரம்: கேள்வி பதில்

கேள்வி (அம்பத்தூர், வாடகை வீடு): அண்ணா, வாஷிங் மெஷினைத் தொட்டபோது என் மனைவிக்கு நல்ல ஷாக் அடித்தது. ஆனால் எம்.சி.பி. விழவே இல்லை. போன வருஷம்தான் புதுப் பெட்டி மாட்டினார்கள். டூப்ளிகேட் சரக்கா?

பதில்: சரக்கில் கோளாறு இல்லை, எதிர்பார்ப்பில்தான் கோளாறு. எம்.சி.பி., அதாவது லைனில் கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருப்பது வயரைக் காப்பாற்ற, ஆளை அல்ல. ஈரக் கை, வெறுங்காலோடு நிற்கும் உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 0.23 ஆம்ப். ஐம்பது வாட்ஸ் குண்டு பல்பு எடுக்கிற கரண்ட் அவ்வளவுதான். 16 ஆம்ப் வரை சும்மா இருக்கும் எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி.

உடம்புக்கு அப்படியில்லை. 10 மில்லி ஆம்ப் கிட்ட வந்தாலே பிடித்த கையை விட முடியாது. 30-ஐத் தாண்டினால் மூச்சுத் தசைகள் இறுகும். 50, 100 என்று போனால் இதயம் தாளம் தப்பும். 0.23 ஆம்ப் என்பது 230 மில்லி ஆம்ப். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வேறு வழியாக, உங்கள் உடம்பு வழியாகவோ எர்த் வழியாகவோ, கசிந்தால் விழுந்துவிடும். பெரிய கசிவு என்றால் 40 மில்லி செகண்டுக்குள். உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்க, ‘டெஸ்ட்’ என்றோ ‘டி’ என்ற ஆங்கில எழுத்தோ போட்ட சின்ன பட்டனைத் தேடுங்கள். வாங்கும்போது 30 மில்லி ஆம்ப் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்று வருபவை தீ விபத்துக்கானவை, ஆளுக்கு உதவாது. சிங்கிள் பேஸ் வீட்டுக்கு ‘டபுள் போல்’ வகை (பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது), 40 ஆம்ப் போதும். மெயின் எம்.சி.பி.யின் ஆம்ப் அதற்கு மேல் இருக்கக் கூடாது.

அந்த வாஷிங் மெஷினை இப்போதைக்குப் பிளக்கிலிருந்து பிடுங்கி வையுங்கள்.

கேள்வி (திருச்சி): எங்கள் வீட்டில் எர்த் குழி தோண்டிப் பைப் இறக்கியிருக்கிறோம். எர்த் நல்லா இருந்தால் ஆர்.சி.சி.பி. எதற்கு?

பதில்: எர்த் வேண்டும்தான், ஆனால் அது தனியாக வேலையை முடிக்காது. உங்கள் குழியின் மின்தடை 5 ஓம், அதாவது நல்ல எர்த், என்றே வைப்போம். கிரைண்டர் பாடியில் பேஸ் தொட்டால் 230-ஐ 5-ஆல் வகுத்து அதிகபட்சம் 46 ஆம்ப் மண்ணுக்குப் போகும். வீடுகளில் வழக்கமாகப் போடும் 16 ஆம்ப் ‘சி’ வகை எம்.சி.பி. பட்டென்று விழ 80 முதல் 160 ஆம்ப் வேண்டும். 46 ஆம்ப்புக்கு அது சூடேறித்தான் விழும், சில செகண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை பாடியில் கரண்ட் நிற்கும். கோடையில் மண் காய்ந்து 5 ஓம் 30 ஆகிவிட்டால் எம்.சி.பி. விழவே விழாது. 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி.க்கோ 100 ஓம் எர்த்கூடப் போதும்.

எர்த் கெடுவது பெரும்பாலும் பைப்பில் அல்ல, பைப்பின் தலையில் வயரைப் பிடிக்கும் போல்ட்டில். துருப்பிடித்து ஆடிக்கொண்டிருக்கும். பாதி வீடுகளில் போர்டிகோவுக்கு டைல்ஸ் போடும்போது குழியையே மூடிவிடுகிறார்கள். 40 மி.மீ. ஜி.ஐ. பைப், இரண்டரை மீட்டர் ஆழம், சுற்றிக் கரியும் உப்பும் என்பது பழைய முறை. இன்றும் சரியான முறைதான். வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் விட வசதியாக மூடி வைத்துக் கட்டுங்கள்.

கேள்வி (கோவை): சார், ஆர்.சி.சி.பி. போட்டோம். நாளுக்கு நாலு தடவை விழுகிறது. எலக்ட்ரீஷியன் “இது சும்மா தொல்லை” என்று சொல்லி பைபாஸ் செய்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.

பதில்: இன்வெர்ட்டர் என்று கடைசியில் சொன்னீர்கள் பாருங்கள், முதலில் சொல்ல வேண்டியது அதுதான். காரணம் அனேகமாக நியூட்ரல் கலப்பு. இன்வெர்ட்டருக்குப் போகும் பேஸ் ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். லைட், ஃபேன்களின் நியூட்ரல் மட்டும் ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்பும். போகாத கரண்ட் திரும்பி வந்தால் அது கசிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். விழாமல் என்ன செய்யும்?

தேடும் முறை இது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சும் சிங்கிள் போல் எம்.சி.பி.யும் பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் எங்காவது எர்த்தோடு ஒட்டியிருந்தால் அப்போதும் விழும். பிறகு ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த லைனில் பொருட்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். வழக்கமான குற்றவாளிகள்: பழைய கீசர் காயில், மழையில் நனையும் கேட் லைட், மொட்டை மாடி மோட்டார் ஸ்டார்ட்டர். எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுந்தால் நியூட்ரல் பிரச்சினை, வயரிங்கைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஈ.பி. பக்கத்து ஆர்.சி.சி.பி. விழுந்தால், இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் கட் என்று நினைத்துத் தானே ஊட்ட ஆரம்பித்துவிடும். ஷாக் அடித்த லைன் இன்வெர்ட்டர் லைனாக இருந்தால் ஷாக் தொடரும். அதனால் இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்குத் தனி ஆர்.சி.சி.பி., தனி நியூட்ரல் வேண்டும். பைபாஸ் செய்தவரைத் திரும்ப அழைக்காதீர்கள், லைசென்ஸ் உள்ள வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி (மாணவி, விடுதி): சார்ஜில் இருக்கும்போது லேப்டாப் உலோக மூடியைத் தடவினால் சுருசுருவென்று இருக்கிறது. ஆபத்தா?

பதில்: அந்தச் சுருசுருப்பு மட்டும் ஆபத்தில்லை. அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக ஒரு மில்லி ஆம்ப்புக்கும் குறைவாக வருகிறது. எர்த் இல்லாத பாயிண்ட்டில் பாடி சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும், டெஸ்டரும் எரியும். உங்களுடையது மூன்று பின் அடாப்டர் என்றால், அந்தப் பாயிண்ட்டில் எர்த் செத்துக் கிடக்கிறது என்பதற்கு அடையாளம் அது. அதே பாயிண்ட்டில் நாளை இஸ்திரிப் பெட்டி செருகுவீர்கள். வார்டனிடம் எழுதிக் கொடுங்கள். எர்த் பின்னை வெட்டி இரண்டு பின் ஓட்டையில் செருகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அந்தப் பின் நீளமாக இருப்பதே மற்ற இரண்டுக்கும் முன்னால் தொட வேண்டும் என்பதற்காகத்தான்.

கேள்வி: பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு பயன்படுத்தலாமா? அம்மா சொல்வதுபோல் “பார்த்துப் போட்டால்” போதுமா?

பதில்: ராடை முழுக அமிழ்த்தி, பிறகு சுவிட்ச். சூடானதும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிறகுதான் தண்ணீரில் விரல். பிளாஸ்டிக் பக்கெட் மட்டும், இரும்போ அலுமினியமோ கூடாது. குழாயில் வெடிப்பு தெரிந்தால் ராடு குப்பைக்கு. குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம் என்பேன். கீசருக்கும் ஒரு வார்த்தை: 3 கிலோவாட் கீசர் 13 ஆம்ப் எடுக்கும். 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன் இழுங்கள்.

கேள்வி (கட்டட மேஸ்திரி, செங்கல்பட்டு): சைட்டில் வைப்ரேட்டர், கட்டிங் மெஷின், தண்ணி மோட்டார் எல்லாம் ஒரே போர்டிலிருந்து ஓடுகிறது. என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் போர்டின் சாக்கெட்டைப் பாருங்கள். பிளக் இல்லாமல் இரண்டு வயரைச் சீவி ஓட்டையில் விட்டு, தீக்குச்சியைச் செருகி இறுக்கியிருப்பார்கள். எர்த் வயர் மஞ்சள் பச்சையாகத் தனியே சுருண்டு தொங்கும். கட்டிங் மெஷினைப் பிடித்திருப்பவன் ஈரச் சிமெண்டில் நிற்பான். அந்தக் குச்சியைப் பிடுங்கி, இண்டஸ்ட்ரியல் பிளக் சாக்கெட் போடுங்கள். மூன்று கோர் கேபிள், போர்டிலேயே 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும், தினம் காலை வேலை தொடங்குமுன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். கேபிள் தரையில் கிடக்கக் கூடாது, சவுக்குக் கட்டையில் தூக்கிக் கட்டுங்கள். டேப் சுற்றிய ஜாயிண்ட் சேற்றில் கிடந்தால் அது ஜாயிண்ட்டே இல்லை.

அடுத்தது கம்பி. முறுக்குக் கம்பி 12 மீட்டர் நீளம். மாடிக்குச் செங்குத்தாகத் தூக்கும்போது முனை எங்கே போகிறது என்று கீழே நிற்பவனுக்குத் தெரியாது. 11,000 வோல்ட் லைனைத் தொட வேண்டுமென்றுகூட இல்லை, மிக நெருங்கினாலே பொறி தாவும். இந்த 11 கே.வி. லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் என்பது விதி. அது கட்டி முடித்த சுவருக்கான கணக்கு, கம்பியோ ஏணியோ தூக்கும் ஆளுக்கு அந்த இடைவெளி போதாது. சாரம் கட்டுமுன் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனை மாற்றுங்கள், அல்லது அந்தப் பக்கம் வேலை நடக்கும் நேரத்துக்கு நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி (மில் பராமரிப்புத் தொழிலாளி): மெயினை இறக்கிவிட்டுத்தான் மோட்டாரில் கை வைக்கிறோம். வேறு யாரோ தெரியாமல் ஏற்றிவிடுகிறார்கள்.

பதில்: “ஆள் வேலை செய்கிறார்” என்று அட்டை தொங்கவிடுவது மட்டும் காவல் ஆகாது. ஃபியூஸ் கேரியர் இருந்தால் மூன்றையும் பிடுங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எம்.சி.பி., ஐசொலேட்டர் என்றால் பூட்டு மாட்டும் கிளிப் கிடைக்கிறது. பூட்டும் சாவியும் வேலை செய்பவரிடமே இருக்க வேண்டும், நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. பிறகு டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்து, பிறகு மோட்டார் டெர்மினலில் வைத்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வையுங்கள். நடுவில் டெஸ்டர் செத்திருந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனை அது. கெபாசிட்டர் உள்ள பேனலில் சில நிமிடம் பொறுத்து, முறையாக டிஸ்சார்ஜ் செய்த பிறகே கை.

கேள்வி (வேளச்சேரி): மழை நாளில் ரோட்டில் கம்பி அறுந்து கிடந்தால், பைக்கில் போகிறவர் என்ன செய்வது?

பதில்: பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் தள்ளி. பொறி பறக்கவில்லை, சத்தமில்லை என்பதை நம்பாதீர்கள். சப்ஸ்டேஷனில் ட்ரிப்பான லைனை மறுபடி ஏற்றிப் பார்ப்பார்கள். கம்பி மண்ணைத் தொடும் இடத்திலிருந்து வோல்டேஜ் வட்டம் வட்டமாகக் குறைந்துகொண்டே போகும். காலை அகல எடுத்து வைத்து நடந்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் வித்தியாசம் ஏற்பட்டுக் கரண்ட் கால் வழியே ஏறும். மாடுகள் அதிகம் சாவது இதனால்தான்: முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம். தெரியாமல் கிட்டே போய்விட்டால், இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல் இழுத்து இழுத்து விலகுங்கள். கார்மேல் விழுந்தால் உள்ளேயே இருங்கள். வண்டி தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதியுங்கள்.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. சென்னையில் தெருவோரப் பில்லர் பாக்ஸ் தண்ணீரில் நின்றாலும் இதே எண்தான், இதே தூரம்தான்.

கேள்வி (கோயில் விழாக் குழு): சப்பரம் போகும் வழியில் லைன் இருக்கிறது. மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடித்தால் போதுமா?

பதில்: கூடவே கூடாது. ஈர மூங்கிலில் கரண்ட் பாயும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். சாலையை உயர்த்திப் போட்டிருந்தால் போன வருஷம் தப்பிய அதே உயரம் இந்த வருஷம் இடிக்கும். அலங்காரம், கொடி, சீரியல் செட் எல்லாம் சேர்த்து உச்சி வரை அளந்து, வழி முழுதும் நடந்து பார்த்து, மின்வாரியத்திடம் எழுத்தில் நேரம் வாங்குங்கள். அவர்கள் நிறுத்திவிட்டோம் என்று சொன்ன பிறகே சப்பரம் அந்தத் தெருவில் திரும்பட்டும்.

கேள்வி: ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டவரை எப்படி எடுப்பது? மண்ணில் புதைத்தால் கரண்ட் இறங்கும் என்கிறார்களே?

பதில்: உடம்பில் கரண்ட் தங்காது, இறங்க எதுவுமில்லை. மண்ணில் புதைப்பதும் கை காலைத் தேய்ப்பதும் மூச்சில்லாத ஆளுக்கு நேர விரயம். முதலில் மெயினை இறக்குங்கள், இன்வெர்ட்டரையும் சேர்த்து. முடியாவிட்டால் காய்ந்த பலகைமேல் நின்று, காய்ந்த மரக்கட்டையால் தள்ளுங்கள். இது வீட்டுக் கரண்டுக்கு மட்டும். உயரழுத்த லைன் என்றால் நிறுத்தும்வரை யாரும் போகக் கூடாது.

பிறகு 108. மூச்சில்லை, அல்லது மூச்சுத் திணறலாக எப்போதாவது இழுக்கிறது என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். கை சளைத்தால் அடுத்தவர் மாறட்டும், நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்து “ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரியில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். தோலில் சின்னப் புள்ளியாகத் தெரியும் தீக்காயம் உள்ளே பெரிதாக இருக்கலாம்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கம் மீன் கருகிய மாதிரி வாடை வருகிறது.

பதில்: பிளாஸ்டிக் வேகிறது. உள்ளே லூஸ் கான்டாக்ட். கரண்ட் கூடவில்லை, கசியவும் இல்லை, அதனால் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டுமே இதைப் பிடிக்காது, உங்கள் மூக்குதான் பிடிக்க வேண்டும். அந்த லைன் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் பிளக்கை எடுத்துப் பாருங்கள், பின் ஒன்று கறுத்திருக்கும். சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது புதியதையும் கெடுக்கும். ஈ-ஸ்கூட்டர், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு இவற்றை எக்ஸ்டென்ஷனில் போடாதீர்கள்.

கேள்வி (அம்பத்தூர், மறுபடியும்): அண்ணா, அந்தப் பட்டன் எங்கள் பெட்டியில் இருக்கிறது! அழுத்தினேன், விழவில்லை.

பதில்: அழுத்தும்போது வீட்டில் ஈ.பி. கரண்ட் இருந்ததா? இல்லாவிட்டால் விழாது. இருந்தும் விழவில்லை என்றால் அது இறந்துபோன ஆர்.சி.சி.பி., அல்லது பைபாஸ் ஆனது. மனைவிக்கு ஷாக் அடித்தும் விழாததற்கு அதுதான் காரணமாக இருக்கும். வீட்டு உரிமையாளருக்கு இன்றே சொல்லி மாற்றுங்கள், மாற்றியதும் மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வாஷிங் மெஷின் பிளக் இன்னும் வெளியில்தானே இருக்கிறது?