போர்க்காலத்தில் ராணுவச் சரக்கு விமானங்கள் விழுவது எதிரி சுடுவதால்தானா?

எல்லா நேரமும் அப்படியில்லை. இரண்டாம் உலகப் போரில் அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டி சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு கொண்டுபோன விமானங்களை ஜப்பானியரைவிட அதிகம் வீழ்த்தியது வானிலைதான்: இறக்கையில் உறையும் பனி, மலைக்காற்று, அதோடு அவசரமாகப் பயிற்சி முடித்த விமானிகள். சில நேரம் விமானமே காலை வாரும். 1975 ஏப்ரல் 4 அன்று வியட்நாமின் சைகோனிலிருந்து குழந்தைகளை ஏற்றிப் பறந்த சி-5ஏ என்ற அமெரிக்க ராணுவச் சரக்கு விமானத்தின் பின்கதவுப் பூட்டுகள் விட்டுப்போய், கதவு பிய்த்துக்கொண்டு போனதில் வால்பகுதிக் கட்டுப்பாட்டுக் கம்பிகளும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை இயக்கும்) குழாய்களும் அறுந்தன. விமானிகள் பெரும்பாலும் எஞ்சின் விசையை வைத்தே திருப்பிக் கொண்டுவந்தும் (அதுவே பெரிய சாதனை) ஓடுபாதையை எட்டவில்லை. அப்புறம் சரக்கைக் கட்டும் விதம். 2013-இல் ஆப்கானிஸ்தானின் பக்ராமில், ராணுவ வண்டிகளை ஏற்றிய போயிங் 747 சரக்கு விமானம் கிளம்பியதும் ஒரு வண்டி கட்டறுந்து பின்னால் உருண்டு வால்பகுதி இயக்கத்தையே உடைத்தது, விமானத்திலிருந்த 7 பேரும் பலி.