கர்ப்பிணியைக் குதிரை அறிந்துகொள்ளுமா?

கர்ப்பிணியைக் கண்டதும் குதிரை சாந்தமாகி வயிற்றை முகர்வது கருவை உணர்வதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றத்தை அது உணரக்கூடும். ஆனால் அதைக் கர்ப்பம் என்று புரிந்துகொள்கிறது என்பதற்குச் சான்று இல்லை. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரான், ஈஸ்ட்ரோஜன் ஆகிய ஹார்மோன்கள் பன்மடங்கு உயர்வதால் உடல்மணம் மாறக்கூடும்; குதிரையோ கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி, புதிய மணத்தை மூக்கின் அடிப்பகுதியிலுள்ள தனி உறுப்புக்குச் செலுத்தி ஆராயும் விலங்கு. என் கணிப்பில், மணத்தைவிட உடலசைவே பெரிய துப்பு. கணக்குப் போட்டு விடையைக் குளம்பால் தட்டிச் சொல்வதாக பெர்லினில் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை, கேள்வி கேட்டவரின் தலை நூலிழை அளவு அசைவதைக் கவனித்தே குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்பதை உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அத்தகைய விலங்குக்கு, பழகியவரின் நடையும் சேணத்தில் அமரும் விதமும் மாறுவது தெரியாமலா போகும்? நாய்க்கும் ஏறத்தாழ இதுவே பொருந்தும். பூனை மடியில் வந்து படுப்பதோ வெறும் கதகதப்புக்காகவும் இருக்கலாம்.