என் வேலையை வேறொருத்தி நன்றாகச் செய்கிறாள், எனக்கு ஏன் எரிகிறது?

மேடத்துக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, இங்கேயே இருப்பவள் நான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தொலைபேசித் துறையில் ஆபரேட்டராக இருந்து 2014-ல் ஓய்வு பெற்றேன். அவர் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். மகன் சோழிங்கநல்லூரில் குடும்பத்தோடு இருக்கிறான்.

2015 வெள்ளத்தின்போது தெருப் பெண்களோடு சேர்ந்து சமைத்துக் கொடுத்தோம். அது அப்படியே நீண்டுவிட்டது. சாயங்காலத்தில் என் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குப் பாடம். பகலில் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவது, காசநோய் வந்தவர்களை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, அவர்கள் மாத்திரையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் இருந்தபோது, அரிசி பருப்பு திரட்டிக்கொண்டு போனோம். எங்கள் பக்கத்தில் "ஆயா" என்றால் என் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

போன வருஷக் கடைசியில் முட்டி வீங்கிப் படுத்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த பெண் ஒருத்தி, பி.காம். படித்தவள், "நீங்க படுங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். பார்க்க வந்த மற்றவர்களை நானே, "எனக்கு ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாருங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது, பாருங்கள்.

எழுந்து நடமாடிப் பார்த்தால், எதுவும் நின்றுபோகவில்லை. நான் நாள் கணக்கில் அலைந்த மனுவை அவள் இ-சேவையில் உட்கார்ந்து முடித்துவிடுகிறாள். பிள்ளைகள் அவளை "மிஸ்" என்கிறார்கள். எனக்கு நிம்மதிதானே வர வேண்டும்? எரிச்சல்தான் வந்தது. அவள் கணக்கில் செய்த சின்னத் தப்பு ஒன்றைப் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிக் காட்டினேன்.

ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை. இத்தனை வருஷமும் நான் செய்தது சேவைதானா, இல்லை, பேருக்கா? "போதும்மா, இங்கே வந்துடு" என்கிறான் மகன். போய்விடட்டுமா?

பெயர் வேண்டாம்,
தண்டையார்பேட்டை.

*

அன்புள்ள அம்மா,

உங்களைத் தூங்கவிடாத கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேவையா, பேருக்கா? இரண்டும்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து பேர் "ஆயா" என்று கூப்பிட்டது உங்களுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததால்தான் வெயிலில் ஸ்டான்லி வாசலில் நிற்க முடிந்தது. நன்றியோ மரியாதையோ எதுவுமே வேண்டாம் என்று தொண்டு செய்பவர்களை நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்லிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் கொஞ்சம் பயம்கூட உண்டு.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். ஏழாவது, அடுத்த தலைமுறைக்காக உழைக்கும் காலம். எட்டாவது, வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்து "இது சரிதானா" என்று கேட்கும் காலம். முட்டி வலி உங்களைத் திடீரென்று எட்டாவதில் உட்கார வைத்துவிட்டது. உங்களுக்கோ ஏழாவதிலிருந்து எழுந்து வர மனமில்லை. அந்தப் பெண் மேல் வந்த எரிச்சல், பெரும்பாலும் அந்த இழப்பின் வலி. ஆனால் பிள்ளைகள் முன்னால் சொன்னதற்கு அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை நிறுத்தியது. பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டீர்கள். அவர்களில் உங்கள் கையால் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக் குணமானவர் இருந்திருப்பார். உங்களுக்கு ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்க அவருக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை "தொந்தரவு" என்று சொல்லி மறுத்துவிட்டீர்கள். இத்தனை வருஷமும் கொடுக்கிற இடத்திலேயே இருந்தவருக்கு, வாங்கிக்கொள்ளும் பக்கம் போவது பெரிய கஷ்டம். வேலையும் கையை விட்டுப் போய், யாரையும் உள்ளேயும் விடாவிட்டால், எஞ்சுவது வெறும் வீடுதான். அந்தத் தனிமைக்கு அந்தப் பெண்ணைப் பழி சொல்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலையை மொத்தமாக விடச் சொல்ல மாட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய அமெரிக்கர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2020-ல் வந்தது. வருஷத்துக்கு 100 மணி நேரமாவது தொண்டு செய்தவர்களுக்கு இறப்பு அபாயமும் உடல் முடக்கமும் குறைவாக இருந்தன, வாழ்க்கையில் பிடிப்பு கூடுதலாக இருந்தது. (உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் தொண்டுக்கே வருகிறார்களோ என்ற சந்தேகம் இப்படிப்பட்ட ஆய்வுகளில் எப்போதும் உண்டு.) 100 மணி என்பது வாரத்துக்கு இரண்டு மணிதான் அம்மா! நீங்கள் அதை ஒரே நாளில் தாண்டியிருப்பீர்கள்.

மனுவும் பாடமும் அவளிடமே இருக்கட்டும். காசநோய்க்காரர்களுக்கு வரும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை வங்கியில் ஏறிவிட்டதா என்று பார்ப்பதையும் அவளிடம் விடுங்கள். ஆனால் அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மருந்து ஆரம்பித்த ஒன்றிரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், சோறு இறங்கும், உடம்பு தேறும். "சரியாயிடுச்சு" என்று மாத்திரையைத் தூக்கிப் போடுவது அப்போதுதான். சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாதம் முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் மருந்துக்கு மசியாத காசநோயாகத் திரும்பி வரலாம். யார் விடப்போகிறார், யார் "சாப்ட்டேன் ஆயா" என்று பொய் சொல்கிறார் என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவர் நீங்கள். இதைப் போனில் கற்றுக்கொள்ள முடியாது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவர்களோடு பேசுங்கள். அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், முட்டிக்கும் நல்லது. எலும்பு மருத்துவர் சொன்ன பயிற்சியையும் விடாதீர்கள்.

சோழிங்கநல்லூருக்கு இப்போது வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போக வேண்டாம். எரிச்சலில் எடுத்த முடிவாகிவிடும். ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள். அங்கே மருமகள் காபி கொண்டு வந்து கொடுத்தால் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடியுங்கள், டம்ளரைக் கழுவ எழுந்து ஓடாதீர்கள். பிடித்திருந்தால் அப்புறம் மகனோடு பேசிக்கொள்ளலாம்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, பசியும் குறைந்து, எதிலும் மனம் ஒட்டாமல் போனால், அது வயதின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. ஸ்டான்லியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இல்லையென்றால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி, 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். இந்த முறை துணைக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள்.