மடிநோய்க்கு ஊசி போட்டபின் சங்கத்துக்குப் பால் ஊற்றுவது எப்போது?

கேள்வி: எங்களிடம் இரண்டு கலப்பினக் கறவை மாடுகளும் எண்பது நாட்டுக்கோழிகளும் இருக்கின்றன. ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்து, கால்நடை மருத்துவர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். வீக்கம் வற்றிவிட்டது, பாலும் பழையபடி வருகிறது. ஆனாலும் சில நாளைக்குச் சங்கத்துக்கு ஊற்ற வேண்டாம் என்கிறார். நோய் ஒரு காம்பில்தானே, மற்ற மூன்று காம்புப் பாலை ஊற்றலாமா? காய்ச்சினால் மருந்து போய்விடாதா? கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கு வழக்கமாக வாங்கும் கோலிஸ்டின் தூளைக் கேட்டால், தடை செய்துவிட்டார்கள் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: மருத்துவர் சொன்னதும் சரி, கடைக்காரர் சொன்னதும் சரி.

முதலில் பால். தசையிலோ நரம்பிலோ போட்ட ஊசி மருந்து இரத்தத்தில் கலந்து நான்கு காம்புக்கும்தான் போகிறது. நோய் கண்ட காம்பில் மட்டும் டியூப் மருந்து ஏற்றியிருந்தாலும், அங்கிருந்து இரத்தத்தில் ஏறி மற்றக் காம்புகளிலும் கொஞ்சம் இறங்கும். ஆகவே நான்கு காம்புப் பாலையும் ஒதுக்கத்தான் வேண்டும். காய்ச்சுவதால் கிருமி சாகும். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் அந்தச் சூட்டுக்கு அசைவதில்லை. பென்சிலின் வகை ஊசி போட்ட மாட்டின் பாலில் பிரை ஊற்றி வைத்தால், மறுநாள் காலையிலும் கட்டியாகாமல் நீர்த்துக் கிடக்கும். மருந்து பிரையில் உள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்து அடித்துவிடுவதே காரணம். அதற்காக, தயிர் உறைந்துவிட்டது, இனி ஊற்றலாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரையைத் தடுக்காத அளவு மருந்துகூட, பென்சிலின் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு உடம்பெல்லாம் தடிப்பை உண்டாக்கப் போதும்.

எத்தனை நாள் என்பதற்கு மருந்துப் புட்டியின் லேபிளைப் பாருங்கள். கடைசி மருந்து கொடுத்ததிலிருந்து பால், முட்டை, இறைச்சியை எத்தனை நாள் விற்கக்கூடாது என்பதை அச்சிட வேண்டும் என்று மத்திய அரசின் மருந்து விதிகளில் 2012-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். உறுதி செய்யப்பட்ட கெடு இல்லாத மருந்தானால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கோழி, ஆடு, மாட்டு இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள். நாளை எண்ணத் தொடங்குவது கடைசி ஊசியிலிருந்து. பலரும் முதல் ஊசியிலிருந்து எண்ணிவிடுகிறார்கள். கெடு மருந்துக்கு மருந்து மாறும் என்பதால், பக்கத்து வீட்டு மாட்டுக்கு மூன்று நாள் என்றால் உங்கள் மாட்டுக்கும் மூன்று நாள் என்று ஆகிவிடாது. லேபிளில் உள்ளதைவிடக் கூடுதல் அளவிலோ கூடுதல் நாளோ மருந்து கொடுத்திருந்தால் கெடுவும் நீளும். அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும். கடைசி ஊசித் தேதியைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள், வீட்டில் யார் கறந்தாலும் தெரியும்.

ஒதுக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டும் வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைந்த அளவில் மருந்து குடித்து வளரும் கன்றின் குடலில், அந்த மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகும். கிணற்றுக்குத் தொலைவில் குழி வெட்டிக் கொட்டுங்கள். கறக்கும் பாலைக் கொட்டுவது வயிற்றெரிச்சல்தான்; ஆனால் ஒரு மாட்டின் பால் சங்கத்துக் கேனில் கலந்தால் ஊரார் பால் முழுவதும் கெடும்.

வீக்கம் வற்றியதும் ஊசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மிச்ச மருந்தை அடுத்த மாட்டுக்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம். மடிநோய் தொடங்கும் நிலையிலேயே தெரிந்தால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிவரும் மூலிகைப் பற்று பலருக்குக் கைகொடுக்கிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலை முழுதும் பீய்ச்சிவிட்டு, மடியைக் கழுவி, நீர்க்கக் கரைத்து நாளைக்கு எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாள் தடவ வேண்டும். காய்ச்சலோ, பாலில் இரத்தமோ இருந்தால் இதை நம்பிக் காத்திருக்காமல் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கு அழையுங்கள். கறந்ததும் அரை மணி நேரம் மாடு படுக்காதபடி தீவனம் போடுங்கள். காம்புத் துளை மூட அவ்வளவு நேரம் பிடிக்கும்.

இனி கோலிஸ்டின். இதுவும் பாக்டீரியாவைக் கொல்லும் ஓர் ஆன்டிபயாடிக்தான். உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன், இறால், தீவனக் கலவை எதிலும் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் தடை விதித்தது. வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமி தாக்கிய மனிதருக்கு மருத்துவமனையில் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் அது ஒன்று. கோலிஸ்டினை மீறும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை 2015-இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். முதலில் சிக்கியது ஒரு பன்றியின் கிருமியில். பிறகு சீனாவும் கோலிஸ்டினைத் தீவனத்திலிருந்து நீக்கியது.

உங்களுக்கு இதில் இழப்பும் இல்லை. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் வைரஸால் வருவது, பாக்டீரியாவால் அல்ல. இத்தனை நாள் வாங்கிய தூள் அதன் மீது வேலை செய்திருக்கவே முடியாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி என்று அட்டவணைப்படி தடுப்பூசி போடுங்கள். தடுப்பு மருந்தைப் பனிக்கட்டியோடு எடுத்து வந்து, கரைத்ததும் தாமதிக்காமல், வெயில் ஏறும் முன் போட்டு முடிக்க வேண்டும்.