புதுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? மூடியைக் கழற்றுவதற்கு முன் படியுங்கள்

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் முதல் நாளே மக்கர் செய்வது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றை எடுத்துச் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: புது டெஸ்க்டாப் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது. ஆனால் மானிட்டரில் 'சிக்னல் இல்லை' என்று வந்து அணைந்துவிடுகிறது. விற்றவரைக் கேட்டால், பக்கத்து மூடியைக் கழற்றி, ராமை, அதாவது மெமரிப் பலகையை, எடுத்துத் துடைத்துப் போடச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மூடியைத் தொடாமலே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை முடித்துவிட்டு அதற்கு வரலாம்.

ஃபேன் சுற்றுவதையும் விளக்கு எரிவதையும் வைத்து மின்சாரம் உள்ளே போகிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். முதலில் கேபினெட்டின் பின்பக்கம் போய், மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். திரைக்குப் படத்தை அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் மானிட்டருக்கான துளைகள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும். மேலே யுஎஸ்பி, நெட்வொர்க், ஸ்பீக்கர் துளைகளோடு சேர்ந்து இருப்பவை மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப் பலகையைச் சேர்ந்தவை. அதற்குக் கீழே தனியாக ஒரே வரிசையில் இருப்பவை கிராபிக்ஸ் கார்டுடையவை. கேபிள் கீழே இருப்பதில்தான் போக வேண்டும். கண்ணுக்கு முதலில் படுவது மேலே இருப்பது என்பதால் பலரும் அதில்தான் செருகுகிறார்கள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர்களில் சிலவற்றுக்குச் சொந்தமாகப் படம் காட்டும் வசதியே கிடையாது. டெஸ்க்டாப்புக்கான இன்டெல் கோர் பிராசஸரின் மாடல் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அது அந்த வகை. அதை வைத்துக்கொண்டு மேலே செருகினால் எத்தனை தடவை ஆன் செய்தாலும் திரை இருட்டாகத்தான் இருக்கும்.

கேபிள் சரியான இடத்தில் இருந்தால், அடுத்து மானிட்டரின் மெனுவுக்குப் போய் எந்த இன்புட்டில் நிற்கிறது என்று பாருங்கள். கேபிள் இருப்பது டிஸ்பிளே போர்ட்டில், மானிட்டர் காத்திருப்பது எச்டிஎம்ஐயில் என்றால் 'சிக்னல் இல்லை' என்றுதான் வரும்.

மூன்றாவதாகச் சொல்வதைப் பல விற்பனையாளர்களே வாங்குபவரிடம் சொல்வதில்லை. பில்லில் ராம் டிடிஆர்5 (ராமின் புதிய தலைமுறை வகை) என்று போட்டிருக்கிறதா? இருந்தால், முதல் தடவை ஆன் செய்யும்போது, அந்த ராமோடு எந்த வேகத்தில் ஒத்துப்போகலாம் என்று மதர்போர்டு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும். இதற்கு 'மெமரி டிரெய்னிங்' என்று பெயர். சில கம்ப்யூட்டர்களில், குறிப்பாக ஏஎம்டி நிறுவனப் பிராசஸர்களுக்கான ஏஎம்5 வகை மதர்போர்டுகளில், இது பல நிமிடம் பிடிக்கலாம். அத்தனை நேரமும் திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமை இழந்து பாதியில் அணைத்தால் சோதனை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள் கடைசிவரை படத்தைப் பார்க்காமலே 'பழுது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆன் செய்துவிட்டு ஒரு கால் மணி நேரம் அதன் பக்கமே போகாதீர்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால், பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக மதர்போர்டின் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். பல மதர்போர்டுகளில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். பக்கத்தில் சிபியு (பிராசஸர்), டிராம், விஜிஏ, பூட் (விண்டோஸைத் தொடங்குவது) என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஆன் ஆகும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும். எது அணையாமல் நிற்கிறதோ, தகராறு அங்கேதான். 'டிராம்' நின்றால் ராம், 'விஜிஏ' நின்றால் கிராபிக்ஸ் கார்டு. அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விற்றவரிடம் 'டிஸ்பிளே வரவில்லை' என்று சொல்வதை விட, 'விஜிஏ விளக்கு அணையாமல் எரிகிறது' என்று போட்டோவோடு சொன்னால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

இப்போது மூடிக்கு வருவோம். கழற்றச் சொன்னவர் வாயால் சொன்னாரா, எழுதி அனுப்பினாரா? வாயால் மட்டும் என்றால், 'நீங்கள் சொன்னபடி மூடியைக் கழற்றி ராமைச் சரிபார்க்கிறேன், இதனால் வாரண்டிக்குப் பாதிப்பு வராது என்று உறுதி செய்யுங்கள்' என்று ஒரு மெசேஜ் போட்டுப் பதில் வாங்குங்கள். பதில் வரும்வரை ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டாம். 'கழற்றியது நீங்கள்தானே' என்று பின்னால் சொல்லிக் கைகழுவ இடம் கொடுக்கக் கூடாது.

எழுத்தில் வந்துவிட்டால், பவர் கேபிளைப் பிடுங்கி, ஆன் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டுத் திறங்கள். வழியில் அடிபடாமல் இருக்க உள்ளே பஞ்சுப் பொதி வைத்து அனுப்பும் பழக்கம் உண்டு. இருந்தால் முதலில் அதை எடுங்கள். கிராபிக்ஸ் கார்டு கனமானது. வண்டியில் குலுங்கி வரும்போது ஒரு முனை தூக்கிக்கொள்ளும். அது நேராக உட்கார்ந்திருக்கிறதா, அதற்கான பவர் ஒயர் முழுதாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ராம் இரண்டு என்றால், ராமுக்கு நான்கு இடம் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் இருக்க வேண்டும். எடுத்துத் திரும்ப வைக்கும்போது 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். துடைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அழி ரப்பரால் தேய்ப்பது பல வருடம் ஓடிக் கறுத்துப்போன ராமுக்குச் செய்யும் வைத்தியம். புது ராமின் தங்கப் பூச்சைத் தேய்த்துக் கெடுப்பானேன்?

கேள்வி: என்னுடையதில் ஃபேன்கூடச் சுற்றவில்லை. பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை.

பதில்: பின்பக்கம் பவர் கேபிள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு கோடும் ஒரு வட்டமும் போட்டிருப்பார்கள். கோடு இருக்கும் பக்கம் அழுந்தியிருந்தால்தான் ஆன். அனுப்பும்போது வட்டத்தில் வைத்து அனுப்புவது உண்டு. பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் கொடுத்துப் பாருங்கள். கேபிள் மேல் சந்தேகம் இருந்தால், அதே மாதிரி மூன்று முனை உள்ள வேறொரு பவர் கேபிளை மாற்றிப் போடுங்கள்.

பவர் கேபிள் நுழையும் பெட்டிக்குப் பவர் சப்ளை என்று பெயர். சில பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய இன்னொரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அது ஆன் செய்வதற்கானது அல்ல, உங்கள் வீட்டு மின்சார வோல்டேஜுக்கு ஏற்ப வைக்க வேண்டியது. 230 வோல்ட் வரும் இடத்தில் அதை 115க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் பவர் சப்ளை அந்த நிமிடமே போய்விடும். எங்கே நிற்கிறது என்று பாருங்கள், விளையாட்டாக நகர்த்தாதீர்கள். 'டப்' என்ற சத்தமோ தீய்ந்த வாடையோ வந்திருந்தால் மறுபடி ஒரு தடவைகூட முயல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு விற்றவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து உடனே ஆன் செய்தேன். உயிரே இல்லை. பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்களோ?

பதில்: அவசரப்பட வேண்டாம். பேட்டரி வழியில் வீணாகக் கூடாது என்று பல லேப்டாப்புகளில் அதை உறங்கும் நிலையில் வைத்துத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும். கூட வந்த சார்ஜரையே செருகி, அரை மணி நேரம் விட்டு, அது செருகியிருக்கும்போதே ஆன் செய்யுங்கள். போன் சார்ஜரைப் போட்டுப் பார்க்காதீர்கள். முனை பொருந்தினாலும் அதன் சக்தி போதாமல் போகலாம்.

கேள்வி: கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் ஆன் ஆகிறது. ஆனால் சில நாள் பத்து நிமிடத்தில் தானாக அணைகிறது, சில நாள் இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆன பிறகே நிற்கிறது. விற்ற இடத்துக்குத் தூக்கிப் போனால் அங்கே சமர்த்தாக ஓடுகிறது! 'ஒன்றும் இல்லை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பதில்: பழுதுகளில் இதுதான் வாங்கியவரை அதிகம் வதைப்பது. எப்போதும் ஆன் ஆகாத கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் காட்டிவிடலாம். அவ்வப்போது மட்டும் படுத்துவதை எப்படிக் காட்டுவது? விண்டோஸே அதற்குச் சாட்சி எழுதி வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு வரைபடம் திறக்கும். தேதி வாரியாக, எந்த நாளில் எது விழுந்தது என்று சிவப்புப் பெருக்கல் குறியோடு காட்டும். 'விண்டோஸ் முறையாக அணைக்கப்படவில்லை' என்ற வரி அதில் நேரத்தோடு இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுங்கள். 'எங்களிடம் ஓடியது' என்ற பதில் அதற்கு முன்னால் நிற்காது. நீங்களே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்ததும், வீட்டில் கரண்ட் போனதும் அதே வரியாகத்தான் பதிவாகும். அப்படி நடந்த நாட்களை மட்டும் தனியாகக் குறித்துவிடுங்கள்.

காரணம் பல இருக்கலாம். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அமைப்புத் திரை) போய்ப் பிராசஸரின் வெப்பத்தைப் பாருங்கள். எந்த வேலையும் இல்லாமல் சும்மா இருக்கும்போதே 90 டிகிரியைத் தொட்டால், பெரும்பாலும் பிராசஸரைக் குளிர்விக்கும் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டார்கள். இரண்டும் கம்ப்யூட்டரைச் சேர்த்தவரின் தவறு. வெப்பம் சரியாக இருந்தால், பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று ராமை வேகமாக ஓட்டும் அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, அதை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். தொந்தரவு நின்றால் ராம், அல்லது அதற்கும் மதர்போர்டுக்கும் ஒத்துப்போகாமை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் அதிக வோல்டேஜால் நிலையற்றுப்போகும் சிக்கல் இருந்ததை அந்த நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியும் கொடுத்தது. உங்களுடையது அந்தத் தலைமுறை என்றால், பயாஸைப் புதுப்பித்தீர்களா என்று விற்றவரை முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆன் ஆகவில்லை. மாற்றித் தரச் சொன்னால், 'கொடுத்துவிட்டுப் போங்கள், சரிசெய்து தருகிறோம்' என்கிறார்கள். வாரண்டிதான் இருக்கிறதே, கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். திருப்பித் தரும் காலமும் வாரண்டியும் வேறு வேறு. திருப்பித் தரும் காலத்துக்குள் நீங்கள் பணத்தையோ புதுப் பெட்டியையோ கேட்கலாம். வாரண்டியில் பெரும்பாலும் கிடைப்பது பழுது பார்ப்பு மட்டும்தான். மாற்றும் உதிரிபாகமும் புதியதாகவே இருக்கும் என்ற உறுதி பல நிறுவனங்களின் வாரண்டி விதிகளில் இல்லை. படித்துப் பாருங்கள். 'சரிசெய்து தருகிறோம்' என்று வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் இழுத்தால், அதற்குள் திருப்பித் தரும் காலம் முடிந்துவிடும். முழு விலை கொடுத்துப் புதியது வாங்கியவர் முதல் வாரமே பழுது பார்த்ததை ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

இன்றே செய்ய வேண்டியது: கேபினெட்டில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரில் ஆரம்பித்து, நடுவில் வெட்டாமல் ஒரே வீடியோவாக, கேபிள்கள், பட்டனை அழுத்துவது, திரை இருட்டாக இருப்பது வரை எடுங்கள். பில் நம்பர், கையில் கிடைத்த தேதி, பழுது, 'மாற்றித் தரவும் அல்லது பணத்தைத் திருப்பவும்' என்ற கோரிக்கை, இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள். போனில் பேசியதற்குத் தேதி கிடையாது. திருப்பித் தரும் காலம் நாட்டுக்கு நாடு, விற்பவருக்கு விற்பவர் மாறும் என்பதால் பில்லின் பின்பக்கத்தையும் ஆர்டர் பக்கத்தையும் படியுங்கள். கார்டில் பணம் கட்டியிருந்து, விற்றவர் பதிலே தராவிட்டால், வங்கியிடம் அந்தத் தொகையை மறுத்து முறையிட வழி உண்டு. அதற்கும் இந்த எழுத்துதான் ஆதாரம்.

வேறு வழியே இல்லாமல் பழுதுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஜாப் ஷீட்டில் (பழுதுக்கு வாங்கிக்கொண்டு தரும் சீட்டு) 'சர்வீஸ்' என்று எழுத விடாதீர்கள். 'வாங்கிய இத்தனையாம் நாளிலிருந்து ஆன் ஆகவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள். திருப்பித் தரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி மெசேஜும் அன்றே போடுங்கள். உதிரிபாகங்களைச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் என்றால், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் இப்போதே எழுதி வாங்குங்கள். உள்ளே போனது எது, வெளியே வந்தது எது என்று தெரிய வேறு வழியில்லை. பெட்டியையும் பஞ்சுப் பொதியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பயாஸை ரீசெட் செய்து கொடுத்தார்கள். இப்போது ஆன் செய்தால் நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. எனக்கு யாரும் அப்படி ஒன்றைத் தரவில்லையே?

பதில்: விண்டோஸ் 11 உள்ள பல புதுக் கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும்போதே, கேட்காமலேயே, டிஸ்க் பூட்டப்பட்டுவிடுகிறது. பயாஸில் பெரிய மாற்றம் நடந்தால் வேறு யாரோ கை வைத்ததாக எண்ணிச் சாவி கேட்கும். அந்தச் சாவி முதலில் நுழைந்தவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். போனிலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்து சாதனங்கள் பகுதியில் தேடுங்கள். அங்கே இல்லை என்றால், கம்ப்யூட்டரை முதலில் தயார் செய்து கொடுத்தவர் தன் கணக்கையே போட்டிருக்கக்கூடும். சாவி அவரிடம்தான் இருக்கும், உடனே கேளுங்கள். கிடைத்துத் திறந்ததும் அவர் கணக்கை நீக்கிவிட்டு உங்கள் கணக்கைப் போட்டு, சாவியைத் தாளில் எழுதி பில்லோடு வையுங்கள். எங்குமே கிடைக்காவிட்டால் டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது ஒன்றுதான் வழி. கம்ப்யூட்டர் புதியது, உள்ளே உங்கள் கோப்புகள் எதுவும் இல்லை என்றால், அதற்கும் யோசிக்க வேண்டியதில்லை. அந்த வேலையை, ரீசெட் செய்தவரையே கட்டணம் வாங்காமல் செய்யச் சொல்லுங்கள்.