எடைக்கு ஒரு பெப்டைடு, எதிர்ப்புச் சக்திக்கு ஒரு பெப்டைடா?

கேள்வி: எனக்கு வயது 47. உடல் பருமன் உண்டு. வேறு நோய் இல்லை. ஆண்டுக்கு மூன்று முறையாவது சளி பிடிக்கிறது. எடை குறைய ஒரு பெப்டைடு ஊசியும், நோய் எதிர்ப்புச் சக்திக்குத் தைமோசின் ஆல்ஃபா-1 என்ற மற்றொரு பெப்டைடு ஊசியும் போட்டுக்கொள்ளுமாறு ஒரு சிகிச்சை மையத்தில் கூறுகிறார்கள். இரண்டில் எது கூடுதல் பயன் தரும்?

பதில்: பெப்டைடு என்பது தனியொரு மருந்தின் பெயர் அன்று. அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட சிறு மூலக்கூறுகள் அனைத்துக்கும் அது பொதுப்பெயர். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பொதுப்பெயரை மறந்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்ப்போம்.

உணவு உண்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்கு உணர்த்துகிறது. ஆனால் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடுகிறது. அதே வேலையைச் செய்யும் எடைக்குறைப்பு மருந்தான செமாகுளூடைடில் ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலி இணைக்கப்பட்டிருப்பதால், அது ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு பல நாட்கள் தங்குகிறது. வாரம் ஒரு ஊசி போதுமானதாக இருப்பது அதனால்தான். 1,961 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் இம்மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 விழுக்காடும், மருந்துப்போலி (மருந்தே இல்லாத ஊசி) பெற்றவர்களின் எடை 2.4 விழுக்காடும் குறைந்தன. டிர்செப்படைடு என்ற மற்றொரு எடைக்குறைப்பு ஊசியின் உயர்ந்த அளவில், 72 வாரங்களில் 20.9 விழுக்காடு குறைந்தது. இரு ஆய்வுகளிலும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் உடன் இருந்தன.

விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒன்றும் உண்டு. செமாகுளூடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. ஆகவே இதை மூன்று மாதத் திட்டமாக அன்றி, ரத்த அழுத்த மாத்திரையைப் போன்ற நீண்டகாலச் சிகிச்சையாகவே கருத வேண்டும்.

தைமோசின் ஆல்ஃபா-1 போலி மருந்து அன்று. தைமஸ் சுரப்பியிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட, 28 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பெப்டைடு, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி அணுக்களின் முதிர்ச்சிக்கு உதவுகிறது. சில நாடுகளில் கல்லீரல் அழற்சி ‘பி’ நோய்க்கு அங்கீகாரமும் பெற்றுள்ளது. ஆயினும், செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் கடும் நிலை) நோயாளிகள் 1,106 பேரிடம் சீனாவில் நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஆய்வில், 28 நாட்களுக்குள் இறந்தோர் மருந்து பெற்றவர்களில் 23.4 விழுக்காடு, பெறாதவர்களில் 24.1 விழுக்காடு. புள்ளியியல்படி இது வேறுபாடே அன்று. கடும் நோயிலேயே இப்படி என்றால், சளிக்கு இதை எந்தத் துணிவில் பரிந்துரைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

எடையைக் காட்ட எந்திரம் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி கூடிவிட்டதா என்று காட்ட அப்படியொரு எண் இல்லை. அதனால் அந்தப் பெயரில் எதையும் விற்க முடிகிறது. மேலும், எதிர்ப்பு மண்டலம் எவ்வளவு தூண்டப்படுகிறதோ அவ்வளவு நல்லது என்பதும் தவறு. அது தன் உடலையே தாக்கத் தொடங்கும்போதுதான் முடக்குவாதம் போன்ற நோய்கள் வருகின்றன. ஆண்டுக்கு இரண்டு, மூன்று சளி பெரியவர்களுக்கு இயல்பே. உங்களுக்குத் தேவையானவை உரிய தடுப்பூசிகளும் போதிய உறக்கமும்தான். இரண்டாவது ஊசி வேண்டாம்.

கேள்வி: ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற குறிப்புடன் இதே பெப்டைடுகள் தூளாகக் குறைந்த விலையில் கிடைக்கின்றனவே, வாங்கலாமா?

பதில்: கூடாது. அக்குறிப்பின் பொருளே, மனிதருக்குச் செலுத்தும் தரத்தில் அது சோதிக்கப்படவில்லை என்பதுதான். நுண்ணுயிர் நீக்கமும் மருந்தின் உண்மையான அளவும் உறுதியில்லாத தூளை நீங்களே கரைத்து ஊசியில் ஏற்றும்போது, ஒரு சிறு கணக்குப் பிழை பத்து மடங்கு மருந்தாகிவிடலாம். எடைக்கான ஊசியை மருத்துவரிடம் பேசியே தொடங்குங்கள். குடும்பத்தில் யாருக்கேனும் மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சியோ பித்தப்பைக் கல்லோ வந்ததுண்டா என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.